மே குஸ்தாரீயா

அப்லாரீயா, அப்லாரீயாஸ், அப்லாரீயா. பேசுவேன், பேசுவாய், பேசுவாள். ஆனால் வெறும் பேசுவேன் இல்லை. நாளைக்குக் கட்டாயம் பேசுவேன் என்பதற்கு ஸ்பானிஷில் வேறு வால் இருக்கிறது. இது பேசக் கிடைத்தால் பேசுவேன், கேட்டால் பேசுவேன், யாராவது வாயைத் திறக்க விட்டால்தானே பேசுவேன் என்கிற பேசுவேன். சிஸ்டர் அமலோற்பவம் பூசை அப்பம் சுடுகிற ஓஸ்தி அச்சின் மேல்தட்டைத் தூக்கி, ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்றி, தட்டை இறக்கிக் கைப்பிடியை அழுத்தினாள். சொய்யென்று ஓரமெல்லாம் ஆவி கிளம்பி மூக்குக்கண்ணாடியை மறைத்தது. அப்லாரீயாமோஸ், பேசுவோம். அப்லாரீயாய்ஸ், நீங்களெல்லாம் பேசுவீர்கள். அப்லாரீயான், அவர்கள் பேசுவார்கள். அடுத்து கொமெர், சாப்பிடு. கொமெரீயா, கொமெரீயாஸ், கொமெரீயா. அதற்கடுத்து விவீர், வாழ். விவிரீயாவில் தொடங்கி விவிரீயானில் முடித்துத் தட்டைத் தூக்கினால் ஓஸ்தித் தகடு வெள்ளை வெளேரென்று, நடுவில் சிலுவை எழும்பி, ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து நிற்கும். மூன்று வினைச்சொல்லுக்கு ஒரு தகடு. கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் இது மடத்துக் கணக்கு இல்லை. மடத்தில் ஓஸ்தி சுடக் கடிகாரம் பார்க்கிற வழக்கம் கிடையாது, அருள்நிறைந்த மரியே செபம்தான் கடிகாரம். நிதானமாக இரண்டு சொன்னால் ஒரு தகடு வேகும். அவசரக்காரிகள் மூன்று சொல்ல வேண்டும். அமலிக்கு முந்திச் சுட்டவரும், அவருக்கு முந்திச் சுட்டவரும் அப்படித்தான் சுட்டார்கள், இந்தச் சுற்றுவட்டாரத்துக் கோயில்களில் பூசைக்கு வைக்கிற ஓஸ்தி அத்தனையும் இரண்டு அருள்நிறைந்த மரியேயில் வெந்ததுதான். பதினைந்து நாளாக அமலி மாதாவைக் கொஞ்சம் ஓரமாக உட்காரவைத்துவிட்டு அந்த இடத்தில் வினைச்சொல்லைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். மாதாவே, கோபித்துக்கொள்ளாதே, இன்றோடு சரி. இன்றைக்குச் சாயங்காலம் எல்லாம் ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

ஐந்தரைக்கு மடத்துத் தலைவி மதர் ஜெர்த்ரூத்தின் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் பொலிவியாவில் அப்போதுதான் விடிந்து எட்டு மணி ஆகியிருக்கும். மலைமேல் ஓர் ஊர், அங்கே சபைக்கு ஒரு வீடு, மலைக்கிராமங்களிலிருந்து இறங்கிவந்து படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு அதில் ஒரு விடுதி. இருக்கிற சிஸ்டர்கள் எல்லாருக்கும் முழங்கால் போய்விட்டது. இந்தியாவிலிருந்து ஒருத்தியை அனுப்புங்கள் என்று கேட்டார்கள், மதர் அமலியின் பெயரை எழுதினார், அமலி ஃபோனில் பாடம் போட்டுக் கேட்டு ஸ்பானிஷ் படித்தாள். அந்த வீட்டுத் தலைவி சிஸ்டர் பிலார், எர்மானா பிலார் என்று கூப்பிட வேண்டும், பதினைந்து நாளுக்கு முன்னால் முதல் தடவையாகத் திரையில் வந்தார். குண்டு முகம், காது வரைக்கும் சிரிப்பு. பேர் என்ன, ஊர் எது, என்ன வேலை பார்க்கிறாய், எல்லாவற்றுக்கும் அமலி டாண் டாணென்று பதில் சொன்னாள். கடைசியில் அவர் கேட்டார், தே குஸ்தாரீயா வெனீர் அ விவீர் கொன் நொஸோத்ராஸ்? எங்களோடு வந்து வாழ உனக்கு ஆசையா? வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லை. பக்கத்தில் மதர் உட்கார்ந்திருந்தார். அமலி கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சமும் திக்காமல் சொன்னாள்: லோ கே கியேரே லா மாத்ரே. மதர் என்ன விரும்புகிறாரோ அது. நம்மூர் மடத்தில் எந்த சிஸ்டரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். இதுதான் நல்ல பதில், இதற்குத்தான் பதினான்கு வருடமாகப் பழக்கியிருக்கிறார்கள். எர்மானா பிலாரின் சிரிப்பு மட்டும் ஏனோ கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போயிற்று. மறுநாள் மதருக்கு மெயில் வந்தது. பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் வர மனசில்லை போலத் தெரிகிறது, எங்கள் குளிருக்கும் உயரத்துக்கும் மனசில்லாமல் வந்த யாரும் நிலைத்ததில்லை, அனுப்பப்பட்டு வருகிறவர் வேண்டாம், ஆசைப்பட்டு வருகிறவர் போதும், எதற்கும் இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் வேறு மாநிலத்து மடத்தில் கேட்டுக்கொள்கிறோம். அட ஆண்டவரே. மதர் அவளை வராந்தாவில் நிறுத்தி, "ஒனக்கு இஷ்டமில்லன்னா எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா? நான் என்ன ஒன்ன கழுத்தப் பிடிச்சா தள்ளுதேன்?" என்று கேட்டார். அதற்காவது ஒரு நல்ல வார்த்தை வந்ததா? "உங்க விருப்பம், மதர்." அதுவும் கிளிப்பிள்ளை மாதிரி, யோசிக்காமல். மதர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தரீயா என்று நடையை எடுத்தாள். அந்தார், நடக்க வேண்டும் அந்த மலையில், மெதுவாகத்தான் நடக்க வேண்டுமாம், வேகமாக நடந்தால் மூச்சு நின்றுவிடுமாம். அந்தாரீயா, அந்தரீயா இல்லை. நடப்பேன், நடக்கச் சொன்னால், நடக்க விட்டால். கொசினாரீயா, சமைப்பேன். லவாரீயா, துவைப்பேன். எல்லாமே வேலைதான், எல்லாமே நாக்கில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பாடம் சொல்லிக்கொடுக்கிற குரல் இவற்றுக்கு ஒழுங்கு வினைகள் என்று பேர் சொன்னது. அடங்காதவை தனியாக ஒரு கூட்டம் இருக்கிறதாம், வாலை ஒட்ட வந்தால் நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு முறைத்துக்கொண்டு நிற்குமாம், அதெல்லாம் அடுத்த பாடத்தில். ஒழுங்கானவை சொன்ன பேச்சைக் கேட்கும். முழுச் சொல்லையும் அப்படியே நிறுத்தி, பின்னால் ஈயாவை ஒட்டினால் சரி என்று ஒட்டிக்கொண்டு போகும். நம்ம சபைப் பிள்ளைகள் மாதிரி என்று நினைத்து அமலி முதல்நாள் தனியாகச் சிரித்தாள். அதில் அந்த அப்லாரீயாய்ஸ், கொமெரீயாய்ஸ் இருக்கிறதே, நீங்களெல்லாம் என்கிற உரு, அது ஸ்பெயினில்தான் வழக்கமாம், பொலிவியாவில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்களாம். விட்டுவிடலாம்தான். ஆனால் அதை விட்டால் கணக்கு குறைகிறது, ஓஸ்தி வேகாமல் பசையாக வருகிறது, அதனால் ஓஸ்திக்காக அதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. அமார், நேசி. அமாரீயா. கந்தார், பாடு. கந்தாரீயா. அடுத்து. அடுத்து வரவேண்டியது அது. பட்டியலில் மற்றதோடு சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, குஸ்தார், அதுவும் ஒழுங்கு வினைதான், ஒரு எழுத்தையும் விழுங்குவதில்லை, யாரையும் முறைப்பதில்லை. ஆனால் அமலியின் வாய்க்கு வந்தால் மட்டும் குஸ்திக்கு நிற்கிறது. மே குஸ். மே குஸ்தா. எனக்கு ஆசையாக. எனக்கு.

"சிஸ்டர், கருகுது!"

அடுத்த மேசையில் நேற்றுச் சுட்ட தகடுகளை வட்டக் குழாயால் வெட்டிக்கொண்டிருந்த கனியம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். மடத்துச் சமையலுக்கு வருகிற பொம்பளை, மத்தியானம் பாத்திரம் கழுவிய பிறகு ஓஸ்தி வெட்ட உட்காருவாள். அமலி தட்டைத் தூக்கினாள். சிலுவை இருந்த இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு வட்டம். கனியம்மாள் அதை வாங்கி உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "பரவாயில்ல, இத நம்ம விடுதிப் பிள்ளைய மொறுமொறுன்னு திங்கும்" என்றாள். பிறகு, "செபத்த மாத்திட்டியளோ சிஸ்டர்? முன்ன ரெண்டு அருள்நிறைந்தய முடிச்சி டப்புன்னு எடுப்பிய. இப்ப ரெண்டு வாரமா என்னமோ ஈயா ஈயான்னு ஈ ஓட்டுதிய."

"அது பாடம் அக்கா. அந்த ஊர் பாஷை."

"ஆகட்டும். போறதுன்னு முடிவாயிட்டா? ஒங்களுக்குப் போவ ஆசையா?"

"மதர் சொன்னா போவேன்."

"நான் மதரக் கேக்கலியே" என்றாள் கனியம்மாள், வெட்டிக்கொண்டே, முகத்தைக்கூட நிமிர்த்தாமல். அவளுக்கு அது சும்மா வாய்க்கு வந்த பேச்சு. அடுத்த நிமிஷம் ஓரத்துண்டுகளை டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு விடுதிப் பக்கம் போய்விட்டாள். அமலி புதிதாக மாவை ஊற்றினாள், அழுத்தினாள், எந்தச் சொல்லும் வாயில் வரவில்லை. கடைசியில் அருள்நிறைந்த மரியேதான் வந்தது, பழகின நாய் வீட்டுக்கு வருகிற மாதிரி, அதுவும் பாதியில் நின்றது.

ஆசையா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் போனது எப்போதிலிருந்து? அவளுக்கு டீ பிடிக்கும். சின்ன வயசிலிருந்தே டீதான். மடத்தில் சேர்ந்த முதல் காலையில் புதுப் பிள்ளைகளான நவகன்னியருக்குப் பொறுப்பாளி சிஸ்டர் இரண்டு கையிலும் தூக்குச்சட்டி வைத்துக்கொண்டு, டீயா காப்பியா என்று கேட்டார். எதுன்னாலும் சரி சிஸ்டர் என்றாள். அன்றைக்கு அவர் காப்பியை ஊற்றினார், அவ்வளவுதான், அமலோற்பவம் காப்பி குடிக்கிறவள் என்று எல்லார் மனசிலும் பதிந்துவிட்டது. பதினான்கு வருடமாகக் காலையிலும் சாயங்காலமும் காப்பி. பிடிக்காத காப்பியைக் குடித்துவிட்டு, நன்றி சிஸ்டர். இது தியாகமா? இதை ஆண்டவர் எந்தக் கணக்கில் வைப்பார்? ஐயோ, வைக்கவே மாட்டார், பைத்தியக்காரி வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்றுதான் நினைப்பார். யாரும் அவளை மிரட்டவில்லை, அதுதான் வேடிக்கை. யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தது அவள்தான், பீடத்துக்கு முன்னால் நெஞ்சைத் தரையில் வைத்துப் படுத்துக் கொடுத்தது, அதில் அவளுக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அனுப்புகிற இடத்துக்குப் போவேன் என்றுதான் சொன்னாள், போக ஆசைப்பட மாட்டேன் என்று எங்கே சொன்னாள்? சொல்லவில்லையே. அப்படி ஒரு வரி அந்தச் செபத்தில் இல்லவே இல்லை. அமலி கைப்பிடியை அழுத்தியபடி வார்த்தைப்பாட்டை முதலிலிருந்து கடைசி வரை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். இல்லை. இத்தனை வருடமும் இல்லாத ஒரு வரிக்குக் கீழ்ப்படிந்திருக்கிறாள்.

சரி, என்னதான் ஆசை, சொல்லேன் பார்ப்போம். ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய ஆசை. பொய். பொய் இல்லை, அதுவும் உண்டு, ஆனால் அது முதலில் வந்ததில்லை. முதலில் வந்தது அந்த அடுப்பு. போன தடவை எர்மானா பிலார் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது, ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் செங்கல் அடுப்பு, உருண்டையாக, ஆள் உயரத்துக்கு. பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அது ரொட்டி அடுப்பு என்றார் எர்மானா பிலார், முன்பெல்லாம் ரொட்டி இங்கேயே போடுவோம், பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள், இப்போது யாராலும் குனிந்து நிமிர முடியவில்லை, கடையில் வாங்குகிறோம், அடுப்பில் பூனை குட்டி போட்டிருக்கிறது. பூனை குட்டி போட்டிருக்கிறது என்பதை அமலி முழுசாகப் புரிந்துகொண்டு சிரித்தாள், அந்தச் சந்தோஷத்தில் அடுப்பு மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இங்கே அவள் சுடுவது கோதுமை மாவும் தண்ணீரும். உப்பு கூடாது, சீனி கூடாது, புளிப்பு கூடவே கூடாது, அது பூசைக்குப் போகிறது, அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் வார்த்தைப்பாடு கொடுத்த புதிதில் மதுரையில் ஒரு பேக்கரிப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள், மடத்தில் ரொட்டிக்கடை வைக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது, பிறகு யோசனை மாறிப்போயிற்று, அவளும் சரி மதர் என்றாள். அந்த மாவு கைக்கு ஞாபகம் இருக்கிறது. ஈரத்துணி போட்டு மூடிவைத்த மாவு, திரும்பி வந்து பார்த்தால் உப்பி, துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கும், விரலால் குத்தினால் மெதுவாகத் திரும்ப எழும்பும், உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். மலைமேல் மாவு சீக்கிரம் உப்பிவிடுமாம், அவள் தேடிப் படித்துவைத்திருக்கிறாள், காற்று லேசாம் அங்கே, ஈஸ்டைக் குறைத்துப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் உப்பி விழுந்துவிடுமாம். மனசில்லாதவளா இதையெல்லாம் தேடிப் படிப்பாள்? ஓர்நெயார், அடுப்பில் சுடு. ஒழுங்கு வினை. ஓர்நெயாரீயா, ஓர்நெயாரீயாஸ், ஓர்நெயாரீயா. சுடுவேன், சுடக் கிடைத்தால். நாக்கு தடுக்கவே இல்லை. தட்டைத் தூக்கினாள், தகடு அச்சில் ஒட்டாமல் வந்தது.

ஆனால் பயமும் கூடவே வருகிறது, ஆசை வந்தால் அது தனியாகவா வரும். விமானம். அவள் ரயிலில்கூடக் கீழ்ப்படுக்கைக்காரி. மூச்சு. நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்திருந்து ஸ்பானிஷில் என்ன சொல்வாள், உதவி என்பதற்கு என்ன, அயூதா, அது வந்துவிட்டது, நல்லது. அம்மா. அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது அம்மா அழவில்லை, முதலில் கேட்டது, "ஏட்டி, அங்க கடல் உண்டா?" கடலே இல்லாத நாடும்மா என்றாள் அமலி. கடல் இல்லாத இடத்தில் மனுசர் எப்படி இருப்பார்கள் என்று அந்தக் கடற்கரைக்காரிக்கு நிசமாகவே விளங்கவில்லை. "அப்ப மீனுக்கு என்ன செய்வ?" ஏரி மீன் உண்டும்மா. "ஏரி மீனுல என்ன ருசி இருக்கு, சேறு நாறும்." கடைசியில், "ஒனக்குப் பிடிச்சிருந்தா போ" என்றாள் அம்மா. ஒனக்குப் பிடிச்சிருந்தா. எல்லாரும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள், அம்மா, கனியக்கா, எர்மானா பிலார், கோபமாக என்றாலும் மதரும்கூட. அவள் ஒருத்திதான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். அம்மா செத்துப்போனால் வந்து சேர எத்தனை விமானம் மாற வேண்டும்? மண்ணடக்கத்துக்கு வர முடியுமா? வர முடியாது. அதைத் தெரிந்துகொண்டே ஆசைப்படுகிறவள் என்ன பிள்ளை? மதர் அனுப்பினார், அதனால் போனேன், அதனால் வர முடியவில்லை என்றால் பழி மதருக்கு. ஆசைப்பட்டுப் போனேன் என்றால் பழி யாருக்கு? ஓ. அதுவா விஷயம்! அமலியின் கை கைப்பிடியில் அப்படியே நின்றது. உங்க விருப்பம், உங்க விருப்பம் என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி அடக்கம் இல்லை, பயம். தப்பாகப் போனால் அது என் தலையில் விழக்கூடாது என்கிற பயம். அட, இது நல்ல கதையாக இருக்கிறதே. பதினான்கு வருடமாக ஒரு காப்பிக்குக்கூடப் பொறுப்பேற்காமல் இருந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, ஆவியால்தான் என்று சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை. விவிரீயா, விவிரீயாஸ், விவிரீயா. வாழ்வேன். சேற்று மீனைத் தின்றுகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அம்மாவை நினைத்து அழுதுகொண்டு, ரொட்டி சுட்டுக்கொண்டு வாழ்வேன். எர்மானா பிலார் கேட்கட்டும். இந்தத் தடவை கேட்கட்டும், சொல்லிவிடுகிறேன்.

அச்சை அணைத்துத் துடைத்து, தகடுகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து, முகம் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வராந்தாவில் நடந்தாள். தே குஸ்தாரீயா என்று அவர் கேட்பார், சீ, அதாவது ஆமாம், என்று சொல்லிவிட்டு மே குஸ்தாரீயா என்று சொல்ல வேண்டும், சின்ன வேலை, கேள்வியில் இருக்கிற சொல்லையே திருப்பிக் கொடுத்தால் போதும். கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் வரும். மதர் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். "உக்காரு. நல்லா சத்தமாப் பேசு, போன தடவ முனங்குன மாதிரி முனங்காத" என்றார். திரையில் எர்மானா பிலார் வந்தார், தோளில் கம்பளிச் சால்வை, பின்னால் காலை வெயில், அந்த ஜன்னல் இன்றைக்கு மூடியிருந்தது. சுகம் கேட்டார், மதருக்கும் வணக்கம் சொன்னார். ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டார், இல்லை. இருதயம்? நன்றாக இருக்கிறது. குளிர் பழக்கமா? பழக்கமில்லை, எங்கள் ஊரில் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் சிரித்தார், ஆனால் மரியாதைச் சிரிப்பு, போன தடவைச் சிரிப்பில் கால்பங்குகூட இல்லை. பெண்பிள்ளைகளோடு பழகியிருக்கிறாயா? ஆமாம், விடுதியில். சமையல்? தெரியும். ஒவ்வொரு கேள்வி முடியும்போதும் அமலி அடுத்தது அதுதான் என்று முதுகை நிமிர்த்தினாள். அது வரவில்லை. எர்மானா பிலார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லது, சிஸ்டர் அமலோற்பவம், உன் நேரத்துக்கு நன்றி, நாங்கள் எல்லாரும் செபிக்கிறோம், மாத்ரேக்கு எழுதுகிறேன். அவ்வளவுதான். அவர் கேட்கப் போவதில்லை. ஒரு தடவை கேட்டார், மனசில்லாதவளை மறுபடி கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைக்கிற நல்ல பொம்பளை. அவர் கை அணைக்கிற பொத்தானைத் தேடிப் போகிறது. இதோ முடியப்போகிறது. கேள்வி இல்லாமல் பதில் சொல்லலாமா? கேட்காமலே ஒருத்தி வாயைத் திறந்து எனக்கு ஆசை என்று சொல்லலாமா? மடத்தில் அதற்கு வழக்கம் இல்லை, அவள் பார்த்ததே இல்லை.

"எர்மானா" என்று கத்தினாள். கத்தலேதான், மதர் திடுக்கிட்டுப் போனார். "ஊன் மொமெந்தோ. மே குஸ்தாரீயா. மே குஸ்தாரீயா விவீர் ஆயீ." ஒரு நிமிஷம், அங்கே வாழ எனக்கு ஆசை. சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை, அடைத்திருந்தது எல்லாம் வால் முளைத்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அந்த அடுப்பில் ரொட்டி சுடுவேன், ஓர்நெயாரீயா. பூனைக்கு வேறு இடம் தேடுவேன், புஸ்காரீயா. அப்லாரீயா மால், தப்புத் தப்பாகப் பேசுவேன், ஆனால் பேசுவேன். பயமாக இருக்கிறது, இருந்தாலும் வர ஆசையாக இருக்கிறது, போன தடவையும் ஆசைதான், சொல்லத் தெரியவில்லை. எந்த வால் எந்த இடத்தில் என்று பாதியில் குழம்பிப்போய், கடைசி இரண்டு வாக்கியம் பாதி தமிழாகிவிட்டது. எர்மானா பிலார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அந்தக் காது வரைக்கும் போகிற சிரிப்பு வந்தது, அதோடு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, யாரையோ கையைக் காட்டிக் கூப்பிட்டார், இன்னொரு வயசான சிஸ்டரின் தலை திரைக்குள் எட்டிப் பார்த்தது.

"என்ன சொன்ன?" என்றார் மதர். "அவிய ஏன் சிரிக்காவ? ஏன் அழுதாவ? என்னத்தட்டி சொல்லித் தொலைச்ச?"

அங்கேதான் அமலி மாட்டிக்கொண்டாள். ஸ்பானிஷில் சொன்னது யாரோ சொன்ன மாதிரி இருந்தது, புதுத் துணியைப் போட்டுப் பார்க்கிற மாதிரி. மதருக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு ஈயாவும் இல்லை, பாடம் சொல்லிக்கொடுக்கிற குரலும் இல்லை, ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லை. உங்க விருப்பம் மதர்னு சொன்னேன் என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷம் முடிந்துவிடும், மதர் நம்பிவிடுவார். அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது.

"எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கு, மதர்" என்றாள். "நீங்க அனுப்பாட்டி போக மாட்டேன். ஆனா நீங்க அனுப்பாட்டாலும் ஆசை இருக்கும். அதத்தான் சொன்னேன்."

மதர் ஜெர்த்ரூத் நாற்காலியைத் திருப்பிப்போட்டு அவளைப் பார்த்தார். திரையில் இரண்டு பேரும் மூச்சு விடாமல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இங்க யாரு ஓஸ்தி சுடுவா?" என்றார் கடைசியில்.

"அது நீங்கதான் பாத்துக்கணும், மதர்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அமலிக்கே அது காதில் விழுந்தது. ஆண்டவரே, என்ன பேச்சு பேசிவிட்டேன். மதரின் உதடு ஒரு பக்கம் கோணியது. கோபமா சிரிப்பா என்று அமலி கண்டுபிடிப்பதற்குள் அவர் திரைப் பக்கம் திரும்பி, கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார். எந்த சிஸ்டரை எந்த ஊருக்கு அனுப்பினாலும் நாங்கள் இவரை அனுப்புகிறோம் என்றுதான் மதர் எழுதுவார், பேசுவார், அதற்கென்றே ஒரு வாசகம் வைத்திருந்தார். இன்றைக்கு அந்த வாசகத்தை விட்டுவிட்டு, தன் பழைய பள்ளிக்கூட இங்கிலீஷில், கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "சிஸ்டர் பிலார், ஷி வான்ட்ஸ். நாட் மீ. ஷி வான்ட்ஸ்."